காதை மூடாத ஹெட்போன்

என் மகன் குணாவுக்கு அப்பா எழுதுவது.

உறையின் மேல் உள்ள எழுத்தைப் பார்த்து, தோட்டக் கணக்கு எழுதுகிற நம் கிராணிக்குக் கை நடுக்கம் வந்துவிட்டதோ என்று நினைத்திருப்பாய். கிராணி நன்றாக இருக்கிறார். இது என் கை. இத்தனை வருடமும் நான் சொல்லச் சொல்ல அவர்தான் உனக்கு எழுதினார். நான் ஒரு வெற்றிலையை மென்று முடிக்கிற நேரம் பேசினால் அவர் இரண்டு வரியில் முடித்துவிடுவார். இனி என்னை யாரும் சுருக்க முடியாது. கோயில் மண்டபத்தில் நடக்கிற முதியோர் வகுப்புக்குப் போகிறேன் என்று உன் கல்யாணத்தில் சொன்னபோது நீ சிரித்தாய். சிரித்ததற்குத் தண்டனையாக இதை முழுவதும் படி. ஒரு வார்த்தையை எழுதி முடித்ததும் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘ழ’ வந்தால் எனக்குத் தனி சந்தோஷம், அதன் வால் அத்தனை அழகு. ‘ஷ’ எழுத்தை உன் மனைவி புஷ்பாவின் பேருக்காக முன்பே கேட்டுக் கற்றுக்கொண்டேன். ‘ஹ’ எங்கள் வகுப்பில் இன்னும் வரவில்லை. வாத்தியாரிடம் தனியாகக் கேட்டேன். “யாருக்கு எழுதப் போறீங்க, ஹரிக்கா ஹமீதுக்கா?” என்றார். “ஹெட்போனுக்கு” என்றேன். அவர் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

ஆனால் நிம்மதியாக உட்கார்ந்து எழுத முடியவில்லை, ஐயா. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து வாசலுக்குப் போகிறேன், செம்பனை மரங்களைப் பார்க்கிறேன், திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை புஷ்பா உன்னிடம் வர பஸ் ஏற வேண்டும். பினாங்கில் தனி வீடு பிடித்துவிட்டேன், அனுப்பி வையுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். அவள் ஏறுவாளா மாட்டாளா என்பது இந்த வரியை எழுதுகிற வரை எனக்குத் தெரியாது. துணிகளை மடித்துத் தன் பேக்கில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, கட்டில் காலோரம் வைத்திருக்கிறாள். அந்தப் பேக் பினாங்குக்குப் போகிறதா, ஜெராமில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போகிறதா என்று கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நான் அந்தப் பேக்கைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன். காரணம் நீ கேட்ட ஹெட்போன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். புது வீட்டுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். மேசை கேட்பாய், மின்விசிறி கேட்பாய் என்று நினைத்தேன். உன் பதில் வந்தது. “படிச்சுக் காட்டவா மாமா?” என்று புஷ்பா கையை நீட்டினாள். வேண்டாம் என்று உறையை மடியில் வைத்துக்கொண்டேன். என் மகன் எழுதியதில் நானே படிக்கிற முதல் கடிதம் அது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் வைத்துப் படித்தேன். டிவி கேம் விளையாடவும் பாட்டு கேட்கவும் ஒரு ஹெட்போன் போதும், பழையது காதை நசுக்குகிறது, கோல சிலாங்கூரில் நாம் ரேடியோ செட்டு வாங்கிய பாய் கடையிலேயே கிடைக்கும், புஷ்பா வரும்போது கொண்டு வரட்டும் என்று எழுதியிருந்தாய். அந்த ‘ஹ’வை எப்படிப் படித்தேன் என்று கேட்காதே, மீதி எழுத்துகளை வைத்து ஊகித்தேன். கடைசி வரி தெளிவாக இருந்தது. “ஓப்பன் பேக் பார்த்து வாங்குங்கள்.”

ஓப்பன் எனக்குத் தெரியும். கடை ஓப்பன், கேட் ஓப்பன். பேக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளை முதுகில் தொங்குவதும் பேக், சாமானைக் கட்டி வைப்பதும் பேக். ஹெட்போனுக்குப் பை எதற்கு, ஆகவே இது கட்டி வைத்த பொட்டி என்று முடிவு செய்தேன். பொட்டியைப் பிரித்து, வேலை செய்கிறதா என்று சோதித்து வாங்கச் சொல்கிறான், கல்யாணம் ஆனதும் பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. மறுநாள் காலை பஸ்ஸிலேயே அதை இரண்டு பேரிடம் சொன்னேன்.

கடையில் பாய் புதுப் பொட்டியை எடுத்து வைத்தார். “இது வேணாம் பாய், பிரிச்ச பொட்டி குடுங்க” என்றேன்.

“எல்லாரும் சீல் ஒடையாததுதான் கேப்பாங்க. நீங்க என்னண்ணே, பிரிச்சது கேக்குறீங்க?”

“மகன் எழுதியிருக்கான். நானே படிச்சேன்.”

நானே படித்தேன் என்பதைச் சொல்ல அங்கே தேவை இருக்கவில்லை. பாய் கத்தியை எடுத்து ஒட்டியிருந்த டேப்பைக் கீறி, மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தார். “பிரிச்சாச்சு, எடுத்துக்கிட்டுப் போங்கலா” என்றார். உள்ளே இருந்தது இரண்டு பெரிய கறுப்புக் கிண்ணம். தோல் வைத்துத் தைத்தது, தடித்தது, பார்க்க நல்ல கம்பீரம். காதில் வைத்ததும் கடைத்தெரு சத்தம் அப்படியே அணைந்துபோனது. நல்ல சாமான் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, சோறு ஆகிற நேரத்தில், ரேடியோ செட்டில் அதைச் சொருகி மாட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். பொய் சொல்ல மாட்டேன், அபாரமாக இருந்தது. பாட்டு மண்டைக்குள்ளேயே பிறந்து மண்டைக்குள்ளேயே சுற்றியது. மூடி போட்ட தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக் கேட்பது போல. கண்ணை மூடிவிட்டேன். காதைச் சுற்றி வேர்வை கோத்து, கண்ணாடியின் கம்பி நெற்றிப்பொட்டில் அழுந்தி வலித்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன். என் காலடியில் சோற்றுத் தட்டு இருந்தது. மேலே இன்னொரு தட்டைப் போட்டு மூடி வைத்திருந்தது. சோறு ஆறிப்போயிருந்தது. புஷ்பா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, கூப்பிடல?” என்றேன்.

“கூப்பிட்டேன் மாமா. ஒரு வாட்டி.”

“இன்னொரு வாட்டி கூப்பிட்டிருக்கலாம்ல?”

“ஒரு வாட்டி கேக்காதவங்களுக்கு ரெண்டாவது வாட்டி மட்டும் கேக்குமா?” என்றாள். துணியை முறுக்கிப் பிழிந்தாள். அவள் முறுக்கிய முறுக்கில், அது எனக்கு மட்டும் சொன்ன பதில் இல்லை என்று தெரிந்தது. நான் அங்கேயே நின்றேன். அவளே பேசினாள். கல்யாண லீவில் நீ இங்கே இருந்த நாட்களில், உன் பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து விமானம் சுடுவாயே, அப்போது அவள் டீ கொண்டு வந்து உன் பின்னால் நின்று “ஏங்க” என்றாளாம். நீ திரும்பவில்லை. நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாளாம். அடுத்த நாளும் அப்படியே.

“பேரச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே” என்றேன்.

“வாயி வருமா மாமா எனக்கு?”

“சரி, தோளத் தொட்டிருக்கலாம்.”

“கூடத்துல நீங்க உக்காந்திருந்தீங்களே.”

வீட்டில் மாமனார் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் புருஷன் தோளைத் தொடுவாள். நான் வேறு அந்த நாட்களில் பெரிய மனுஷனாக நடுக்கூடத்தில் நாற்காலியைப் போட்டு வகுப்புப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். “அந்த டீய என்னம்மா பண்ணுன?” என்று கேட்டேன். “நாந்தான் குடிச்சேன். சக்கர கம்மியாத்தான் இருந்திச்சு” என்றாள். சிரிக்க வைக்கிற பேச்சுதான், ஆனால் அவள் சிரிக்கவில்லை. “இங்கயாவது நீங்க இருக்கீங்க, அக்கம்பக்கம் இருக்கு. அங்க யாரத் தெரியும்? செவத்தப் பாத்து ஏங்க, ஏங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கறதுக்கு நான் ஜெராம்லயே அம்மாகூட இருந்துக்கறேன் மாமா. இப்ப புதுசா வேற ஒண்ணு வாங்கிக் குடுக்குறீங்க. நல்லா கனமாத்தான் வாங்கியிருக்கீங்க.” அன்று சாயங்காலம் பேக்கின் ஜிப் மூடியது. என் ஓட்டமும் அப்போது தொடங்கியதுதான்.

உனக்கு விளங்க வேண்டும் என்பதால் உன் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நீ பள்ளிக்கூடம் போய்விடுவாய், நாங்கள் வேலை செய்ததை நீ அதிகம் பார்த்ததில்லை. செம்பனையில் குலை வெட்டுகிறவனுக்குக் கண் மேலே இருக்கும், காது கீழே இருக்க வேண்டும். நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை மட்டைக்கு இடையில் விட்டு இழுக்கிறபோது கழுத்தை முழுதாக அண்ணாந்திருப்பேன். உன் அம்மா கீழே உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருப்பாள். குலை விழுந்தால் ஆள் பிழைக்காது. அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும், ஆனால் என் பேரை அவள் சொல்ல மாட்டாள். மற்ற பெண்கள் “ஓய்” என்பார்கள், அதுவும் அவளுக்கு வராது. அதனால் வாளியைத் தட்டுவாள். பழம் பொறுக்குகிற கொக்கியால் வாளி விளிம்பில் இரண்டு தட்டு. நான் விலகிவிட்டேன், வெட்டு என்று அர்த்தம். அந்தச் சத்தம் வராமல் நான் ஒரு குலையும் இறக்கியதில்லை. ஒரு நாள் சத்தமே வரவில்லை. நான் கம்பைப் பிடித்தபடி நின்றேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வந்துவிட்டார்.

“என்னய்யா, மரத்தப் பாத்துக்கிட்டே நிக்கிற? மரம் ஒன்ன வெட்டப் போவுதா?”

“பொண்டாட்டி தட்டல மண்டோர்.”

“அது வீட்டுக்குப் போனதும் தட்டும். நீ இப்ப வெட்டு.”

அவள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யாரோடோ பேசிக்கொண்டு நின்றிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து லயத்து வீடுகளில் எல்லாம் எனக்கு அதுவே பேராகிவிட்டது. தட்டு வாங்காமல் வேலை செய்யாத ஆள் என்று. உன் அம்மாவுக்கு வெட்கம், எனக்கு ஒன்றும் இல்லை. லோரி உறுமினாலும், மழை கொட்டினாலும், பத்து வாளிச் சத்தத்துக்கு நடுவில் அவள் வாளி எது என்று எனக்குத் தெரியும். அவள் போய்ச் சேர்ந்த பிறகும் யாராவது வாளியைத் தட்டினால் கழுத்து தானாகத் திரும்புகிறது. குடும்பம் நடத்தியதற்கு எனக்குத் தெரிந்த சூட்சுமம் இவ்வளவுதான் குணா. காதைத் திறந்து வைத்திருந்தேன். வேறு பெரிய புத்திசாலித்தனம் எதுவும் என்னிடம் இல்லை.

இதுவரை நேற்று எழுதியது. இனி எழுதுவது இன்று, கடைக்குப் போய்த் திரும்பிய பிறகு.

இன்று காலை என்னால் பொறுக்க முடியவில்லை. உன் கடிதத்தை எடுத்துப் புஷ்பாவிடமே கொடுத்து, “இந்தா, நீ படி. பிரிச்ச பொட்டிதானே கேட்டிருக்கான், நான் பிரிச்ச பொட்டிதானே வாங்கினேன்” என்றேன். அவள் கடைசி வரியைப் படித்தாள். நெற்றியைச் சுருக்கினாள். “மாமா, இது பொட்டி இல்ல. பேக்னா பின்பக்கம். பின்பக்கம் தொறந்த ஹெட்போன்” என்றாள். இரண்டு பேரும் அந்தக் கறுப்பு ஹெட்போனைத் திருப்பிப் பார்த்தோம். தேங்காய் ஓடு போல அதன் பின்பக்கம் வழுவழு என்று மூடியிருந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பொட்டியத் தொறந்து வாங்கிட்டு வந்திருக்கீங்க” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வகுப்பில் ஒரே எழுத்துக்குப் பல சத்தம் உண்டு என்று வாத்தியார் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அது எனக்கு இப்படி வந்து சேரும் என்று நினைக்கவில்லை.

சிரிப்பு நின்ற பிறகு அவள் அந்த வரியை மறுபடியும் படித்தாள், இந்த முறை மனதுக்குள். “அவங்களே தொறந்ததுதான் கேட்டிருக்காங்களா?” என்றாள். “எழுத்து நீதானே பாக்குற” என்றேன். கடிதத்தை மடித்து என்னிடம் தராமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். “மாத்திட்டு வரலாம் மாமா, நானும் வர்றேன்” என்றாள். பஸ்ஸில் உன் அம்மாவின் வாளிக் கதையைச் சொன்னேன். வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

பாய் எடுத்த எடுப்பிலேயே கையை விரித்தார். “பிரிச்ச பொட்டியத் திருப்பி எடுக்க முடியாதுண்ணே.”

“நீங்க குடுக்கறப்பவே பிரிச்சுத்தானே இருந்திச்சு பாய்.”

“நீங்க கேட்டுத்தானே பிரிச்சேன்?”

“அப்ப பிரிச்சது நீங்கதான்.”

பாய் புஷ்பாவைப் பார்த்தார். “ஒங்க மாமனாரு முந்தி யூனியன்ல இருந்தாராம்மா?” என்றார். பிறகு அந்தக் கறுப்பை உள்ளே தள்ளிவிட்டு வேறு நாலைந்தை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் பரப்பினார். புஷ்பா நேராகக் கேட்டாள். “பின்பக்கம் தொறந்திருந்தா வெளிச் சத்தம் உள்ள கேக்குமா?”

“கேக்கும்மா. கொசு பறக்கறதுகூட கேக்கும். அதனாலதான் நெறையப் பேருக்குப் பிடிக்காது. உள்ள பாடுறது வெளியவும் கேக்கும், பக்கத்துல உள்ளவங்க திட்டுவாங்க.”

“அவரு அதத்தான் கேட்டிருக்காரு” என்றாள் புஷ்பா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பாய் கடையில் டிவி கேம் ஒன்றை டிவியில் பூட்டி வைத்திருக்கிறார். என் மகன் எதற்கு மாட்டப் போகிறானோ அதிலேயே சோதிக்க வேண்டும் என்றேன். நாற்காலி போட்டார்கள். கண்ணாடியோடு உட்கார்ந்தேன், ஏனென்றால் நீயும் கண்ணாடி போடுகிறவன். முதலில் மாட்டியது மெல்லிய கம்பியில் இரண்டு ஆரஞ்சு ஸ்பாஞ்சு வில்லை. கனமே இல்லை, வெளிச் சத்தம் தாராளமாக வந்தது. ஆனால் குனிந்தால் வழுக்கியது, கம்பி முடியைப் பிடித்து இழுத்தது. கழற்றியபோது ஸ்பாஞ்சு பாதி நிறம் மாறியிருந்தது. “அண்ணே, தலையில எண்ணெயா, எண்ணெயில தலையா?” என்றார் பாய். அடுத்தது பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் இடுக்கி போல இரண்டு பக்கமும் கவ்வியது. கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் தெரியவில்லை, நல்ல பிடிப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு கண்ணாடிக் கம்பி பொட்டுக்குள் இறங்கத் தொடங்கியது. இறுக்கத்தைக் கடையில் மாட்டிய உடனே எடை போடாதே. உட்கார்ந்து, பேசி, கழுத்தைத் திருப்பி, மறந்து போகிற அளவுக்கு நேரம் விட்டுப் பார். தலையில் இருக்கிறது என்பதே மறந்துபோனால்தான் அது உன் தலைக்கானது.

மூன்றாவதில் பின்பக்கம் டீ வடிகட்டி போலச் சல்லடை. கையை வைத்தால் காற்று அந்தப் பக்கம் போகிறது. தோல் இல்லை, மெத்தென்ற துணி. அது காதின் மேல் உட்காராமல் காதைச் சுற்றி உட்கார்ந்தது. மேல் பட்டை அகலமாக இருந்ததால் கனம் ஒரே இடத்தில் இறங்கவில்லை. நமக்கு இந்தப் புழுக்கத்தில் தோல் ஆகாது ஐயா, துணிதான். பாட்டைப் போட்டார் பாய். அந்தக் கறுப்பில் மண்டைக்குள் கேட்ட பாட்டு இதில் எதிர்த்த கடைக்குப் போய் நின்றுகொண்டு பாடியது. அடி மேளம் மட்டும் கொஞ்சம் மெலிவு, அதை ஒப்புக்கொள்கிறேன். இடிப்பது வேண்டும் என்றால் மூடியதுதான் இடிக்கும். ஆனால் இது மரத்தடியில் நின்று கேட்பது போல இருந்தது, எத்தனை நேரம் கேட்டாலும் சலிக்காது என்று தோன்றியது. வயரும் நீளம். தரையில் உட்கார்ந்தால் டிவி வரை எட்டும்.

பிறகு அதைக் கழற்றாமலே கேம். என் விமானம் மேலே எழும்பிய கையோடு விழுந்தது. மறுபடி எழும்பியது, மறுபடி விழுந்தது. கடையில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். “மலாயாவுல இருந்த விமானம் பூராவும் போச்சுண்ணே” என்றார் பாய். எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, சுடுகிற சத்தத்திலும் வெடிக்கிற சத்தத்திலும் முழுகிவிட்டேன். நான் வந்த காரியமே மறந்துபோயிற்று. அந்த நேரத்தில்தான் கேட்டது. வெடிச் சத்தத்துக்குப் பின்னால் எங்கேயோ, டக், டக் என்று இரண்டு தட்டு. கழுத்து தானாகத் திரும்பியது. புஷ்பா எனக்குப் பின்னால், கடையின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு, கை வளையலால் கண்ணாடி மேசையைத் தட்டியிருக்கிறாள். மெல்லத்தான் தட்டினாள், பக்கத்தில் நின்ற பாய்க்கே கேட்டிருக்காது. நான் திரும்பியதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். என் விமானம் அதற்குள் வெடித்துவிட்டது. வெடிக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எழுந்ததும் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். உன் மனைவிக்கு அந்த விளையாட்டு என்னைவிட மட்டுமல்ல, உன்னைவிடவும் நன்றாக வருகிறது என்று நினைக்கிறேன். நீ ஆடும்போது பின்னால் நின்று நின்று அத்தனையும் பார்த்து வைத்திருக்கிறாள். எந்த விமானம் எந்த மூலையிலிருந்து வரும் என்பது அவளுக்குத் தெரிகிறது. உனக்கு இது தெரியாது, ஏனென்றால் நீ திரும்பிப் பார்த்ததில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஆட இன்னொரு கைப்பிடியும் தனியாகக் கிடைக்கும் என்றார் பாய். அதை வாங்குவது உன் பொறுப்பு.

நீ எதற்காகத் திறந்தது கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. காது புழுங்குகிறது என்பதற்காகவா, நீ வேலை செய்கிற தொழிற்சாலையில் யாராவது சொன்னார்கள் என்பதற்காகவா, இல்லை அவள் குரல் உள்ளே வர வேண்டும் என்பதற்காகவா. கடைசிக் காரணம் என்றால் அதை என்னிடம் எழுத வேண்டாம், அவளிடம் சொல். முதல் காரணமாக இருந்தாலும் அவளிடம் கடைசிக் காரணத்தையே சொல், பிறகு அதை உண்மையாக்கிக்கொள். சத்தத்தை அளவாக வை. பின்பக்கம் திறந்திருந்தாலும், உள்ளே இடிபோல வைத்துவிட்டால் திறந்ததும் மூடியதும் ஒன்றுதான். உன் கூட்டாளிகள் ஷிப்டு முடித்துத் தூங்குகிற வீட்டில் இதைப் போடாதே, பஸ்ஸில் போடாதே, சத்தம் வெளியே ஒழுகும். ஆனால் உங்கள் சொந்த வீட்டில் ஒழுகட்டும். நீ கேட்கிற பாட்டில் கொஞ்சம் அடுப்படிக்கும் போகட்டும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு மாட்டாதே. சமையல்கட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாலும் பரவாயில்லை, காது அந்தப் பக்கம் இருந்தால் போதும். அவள் பேர் சொல்ல மாட்டாள். இரண்டாவது முறை கூப்பிட மாட்டாள். அந்த ஒரு முறையிலேயே நீ திரும்பிவிடு.

இப்போது எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டில் மேல் அவளுடைய பேக் ஜிப் திறந்து கிடக்கிறது. புடவைகளை வெளியே எடுத்து அடுக்கியிருக்கிறாள். நடுவில் ஒரு பழைய துண்டை விரித்து, அதில் நாங்கள் மாற்றி வாங்கி வந்த சல்லடை ஹெட்போனைச் சுற்றி, நசுங்காமல் இருக்க இரண்டு பக்கமும் துணியை வைத்து மறுபடி அடுக்குகிறாள். ஜெராமில் யாரும் ஹெட்போன் மாட்டுவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே பேக் என்றால் பை என்று நான் முதலில் நினைத்துத் தள்ளியதும் முழுத் தப்பு இல்லை குணா. நீ கேட்டபடி ஒரு ஓப்பன் பேக் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் நிற்கிற இடத்துக்கு நேரத்தோடு வந்து நில்.

இன்னும் எழுத ஆசைதான், கையும் வலிக்கவில்லை. இதை மடித்து உறையில் போட்டு, தபால் எடுக்கிற நேரத்துக்குள் தோட்ட அலுவலகத்தில் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும், உனக்கு அவளுக்கு முந்தி வந்து சேர வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அடுப்படி நிலைக்கதவில் டம்ளரை யாரோ இரண்டு முறை தட்டுகிறார்கள். டீ ஆகிவிட்டது போலிருக்கிறது.

எனக்குக் கேட்டுவிட்டது. நான் எழுந்து போகிறேன்.

உன் அப்பா